பதினான்காம் நிபந்தனை

பணி ஓய்வு பெற்றவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஆளுக்கொரு பெருமை வைத்திருப்பார்கள். ஒருவர் கலெக்டரை நேருக்கு நேர் எதிர்த்துப் பேசியிருப்பார். இன்னொருவர் முப்பது வருடத்தில் ஒரு நாள்கூட மருத்துவ விடுப்பு எடுத்திருக்க மாட்டார். என் பெருமை கொஞ்சம் வேறு மாதிரி. சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், இருபத்தோரு வயதுப் பையன் ஒருவன் கிடாரை மாட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தி முடித்தபோது, நேராக அவனிடம் போய் "நல்லா இருந்துச்சு தம்பி" என்று சொன்ன ஒரே ஆள் நான். இருபத்தேழு வருடமாக இதை வீட்டில் சொல்லியிருக்கிறேன், அலுவலகத்தில் சொல்லியிருக்கிறேன், கருவூலத்தில் ஓய்வூதியர் நேர்காணலுக்கு வந்து காத்திருந்த முன்பின் தெரியாதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். அவர்களில் யாரும் அந்தப் பையனைக் கேள்விப்பட்டதில்லை. அது என் பெருமையைக் குறைக்கவில்லை. முதல் ரசிகனாக இருப்பதன் சுகமே மற்றவர்களுக்கு விவரம் தெரியாமல் இருப்பதுதான்.

அப்போது நான் சிதம்பரத்தில் வருவாய்த் துறையில் இருந்தேன். வீடு கடலூரில், தினமும் பஸ். சிதம்பரத்தில் எங்கள் ஊழியர் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு மண்டபம் இருந்தது. அதற்கு கௌரவச் செயலாளர் என்று ஒரு பதவி. சம்பளம் கிடையாது, சாவி மட்டும் உண்டு. விதிமுறைகளைப் படிக்கிற பழக்கம் சங்கத்தில் வேறு யாருக்கும் இல்லாததால் அந்தச் சாவி ஆறு வருடம் என் இடுப்பில் இருந்தது. மண்டபத்தை வாடகைக்கு விட நான் வருவதற்கு முன் ஆறு நிபந்தனைகள் இருந்தன. நான் அவற்றைப் பதினேழாக்கினேன். யாரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு "தெரியாது சார்" என்பார்கள் என்பதால், பதினேழையும் விண்ணப்பதாரர் முன்னால் நானே வாய்விட்டுப் படிப்பேன். பெண்ணைப் பெற்ற தகப்பன்மார்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அந்தப் பையன் கடலூர் முதுநகர்க்காரன். அப்பா துறைமுகத்துப் பக்கம் ஒரு பட்டறையில் ஃபிட்டர். மாதா கோயில் பாடகர் குழுவில் இருந்து, சத்தம் ஜாஸ்தி என்று நிறுத்தப்பட்டவன். சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்தான். விண்ணப்பத்தில் "நிகழ்ச்சியின் தன்மை" என்ற கட்டத்துக்குள் "பங்க் இசை" என்று எழுதியிருந்தான். எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு அதுவரை இரண்டே பொருள்தான்: காதை மூடி வளர்த்த முடி, பெட்ரோல் போடும் இடம். நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"இன்னா பாட்டு தம்பி இது?"

"கத்துவோம் சார்."

"எத்தனை பேர் கத்துவீங்க?"

"மூணு பேரு. ஒருத்தன் கொஞ்சமாத்தான் கத்துவான். டிரம்ஸ் அடிக்கணும்ல."

மண்டபத்தில் நடக்கப்போவதை முன்கூட்டியே கேட்டுப் பார்க்கச் செயலாளருக்கு உரிமை உண்டு என்பது இரண்டாம் நிபந்தனை. மறுநாள் ஒரு கேசட்டையும், அதைப் போட்டுக் காட்ட ஒரு டேப் ரெக்கார்டரையும் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்தான். பண்ருட்டியில் ஒரு முந்திரிக் கிடங்கில் வைத்துப் பதிவு செய்த நான்கு பாட்டுகள். முதல் பாட்டு முதல் வரியிலேயே என்னைத் திட்டியது. என்னை என்றால் என்னைப் போன்றவர்களை. ஒரு சான்று வாங்க இன்னொரு சான்று கொண்டுவரச் சொல்வது, கொண்டுவந்ததும் முதல் சான்றின் ஆறு மாதக் கெடு முடிந்துபோவது, எந்த அறையில் வாங்கி எந்த அறையில் முத்திரை வைப்பது, எல்லாம் வரிசையாக வந்தது. நான் தப்புக் கண்டுபிடிக்கத்தான் கேட்டேன். தகவல் பிழை ஒன்றுகூட இல்லை. என் மேலதிகாரிகள் பலருக்கு அந்த நடைமுறை அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, இன்னொரு முறை போடச் சொன்னேன். சரிபார்ப்பதற்கு என்று சொன்னேன். கேசட்டைக் கோப்புப் படியாக வைத்துக்கொண்டேன். அது கோப்புக்குப் போகவில்லை, கடலூருக்கு என் வீட்டுக்குப் போனது.

பிறகு வழக்கப்படி பதினேழு நிபந்தனைகளையும் படித்துக் காட்டினேன். அவன் டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு பணிவாகக் கேட்டான். பணிவு என்றுதான் நினைத்தேன்.

நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை மூன்று முதல் ஐந்து வரை. நாற்பது பேர் வந்திருந்தார்கள். பெரும்பாலும் அவனோடு படித்த மாணவர்கள். பத்து பேர் சினிமாப் பாட்டு என்று நினைத்து வந்தவர்கள். நான் கடைசி வரிசைக்குப் பின்னால், மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். கேசட்டில் இல்லாத ஒரு பாட்டைக் கடைசியாக ஆரம்பித்தான்.

வரிசையில நில்லு
வரிசைக்கு ஒரு வரிசையில நில்லு
சன்னலு சாத்தியிருக்கு
சாத்துனவன் சாப்புட போனான்

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்போது மணி ஐந்து. மின்சாரத்தை நிறுத்தினேன்.

இதை வெளியாள் யாராலும் புரிந்துகொள்ள முடியாது என்று தெரியும். என்னைப் போல் வேலை பார்த்தவர்களுக்குப் புரியும். சங்கத்தில் ஏற்கெனவே இரண்டு பேர் இந்த மாதிரிக் கூத்துக்கு மண்டபம் கொடுத்ததே தப்பு என்று புகார் எழுத உட்கார்ந்திருந்தார்கள். பதிவேட்டில் "நிகழ்ச்சி நேரத்துக்கு முடிந்ததா?" என்ற கட்டத்தில் "ஆம்" என்று இருந்தால் அடுத்த முறை அவனுக்கு மண்டபம் கொடுக்க யாரும் குறுக்கே நிற்க முடியாது. ஐந்து மணி ஒரு நிமிடம் என்றால் நிற்கலாம். அவன் எதிர்காலத்தைக் காப்பாற்றத்தான் அவன் பாட்டை நிறுத்தினேன். பிறகு மேடைக்குப் போய் "நல்லா இருந்துச்சு தம்பி" என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடித்தேன்.

அடுத்த முறை என்று ஒன்று வரவில்லை. டிரம்ஸ் அடித்தவன் வளைகுடா போனான். இவன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கப்பலில் என்ஜின் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்வி. முதுநகர் முகவரிக்கு அடுத்த கேசட் எப்போது வரும் என்று மூன்று கடிதம் எழுதினேன். மூன்றாவதில், அலுவலகக் கடிதம் போல, முந்தைய இரண்டையும் 'பார்வை' என்று போட்டுக் குறிப்பிட்டிருந்தேன். பதில் இல்லை. நான் பதவி உயர்வு பெற்றேன், மாறுதல் பெற்றேன், ஓய்வு பெற்றேன். அந்த நான்கு பாட்டு மட்டும் கேசட் பூஞ்சை பிடிக்கும் வரை ஓடியது. என் மனைவி ஆரம்பத்தில் "யாரு இப்பிடி அழுவுறது?" என்று கேட்டவள், பிறகு பாத்திரம் துலக்கும்போது அந்தத் தாளத்துக்குத் துலக்க ஆரம்பித்தாள்.

சென்ற ஆண்டு ஒருநாள் காலை பண்ருட்டியிலிருந்து மனைவியின் தம்பி போன் செய்தான். பலாப்பழ மண்டி வைத்திருக்கிறான். என் பெருமையை மற்ற எல்லாரையும் விட அதிகம் கேட்டவன் அவன்தான்.

"மாமா, ஒங்க ஆளு வந்துட்டாரு."

"எந்த ஆளு?"

"கத்துற ஆளுதான். புதுசா ஆல்பம் போட்டிருக்காராம். எங்க மண்டியில லோடு ஏத்துற பசங்கல்லாம் போன்ல வச்சிக் கேக்குறானுவோ. லிங்க் அனுப்பியிருக்கேன். நீங்க ஒருத்தர்தான் ரசிகர்னு நெனச்சேன் மாமா, ஊருல பாதி பேரு இருக்கானுங்க."

இருபத்தேழு வருடம் காத்திருந்தவனுக்கு இது முதல் அதிர்ச்சி. அவன் திரும்பி வந்தது சந்தோஷம். எனக்குத் தெரியாமல் வந்தது முறையல்ல.

ஒன்பது பாட்டு. குளித்துவிட்டு, ஒரு தாளும் பேனாவும் எடுத்துவைத்துக்கொண்டு, காதில் இயர்போனை மாட்டி உட்கார்ந்தேன். முதல் பாட்டில் கிடார் இல்லை. ஓர் ஆள் பேசுகிறான். மூக்கால் வருகிற, வறண்ட, ஏற்ற இறக்கமே இல்லாத குரல். "நிபந்தனை ஒன்று. சுவர்களில் ஆணி அடிக்கக் கூடாது. நிபந்தனை இரண்டு..." பின்னால் டிரம்ஸ் மெதுவாக ஆரம்பித்து ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு அடி கூடுகிறது. வாய்விட்டுச் சிரித்தேன். அந்த மண்டபத்தை அவன் மறக்கவில்லை. என் நிபந்தனைகளை எவனோ ஒரு நடிகனை வைத்துப் படிக்கச் செய்திருக்கிறான். என்ன நடிப்பு. ஈரப்பசையே இல்லாத ஒரு பிறவி. எதிரில் ஒரு மனிதன் நிற்கிறான் என்ற நினைப்பே அந்தக் குரலில் இல்லை. தாளில் "குரல் தேர்வு மிக நன்று" என்று எழுதினேன். மனைவியைக் கூப்பிட்டு ஒரு பக்க இயர்போனை அவள் காதில் வைத்தேன்.

"கேளு. எப்பிடிப் பேசுறான் பாரு இந்த ஆளு."

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே கேட்டாள். ஆறாவது நிபந்தனை வரை கேட்டாள்.

"இன்னாங்க, இது நீங்கதான?"

"போடி."

"நீங்கதாங்க. கேஸ் புக் எங்க வச்சேன்னு என்கிட்ட கேப்பீங்கள்ல, அதே கொரலு."

ஒன்பதாவது நிபந்தனைக்குப் பிறகு அந்தக் குரல் தொண்டையைச் செருமியது. அந்தச் செருமல் என்னுடையது. மடியில் இருந்த டேப் ரெக்கார்டர் ஞாபகம் வந்தது. நான் எடுத்துக்கொண்ட கேசட்டுக்குப் பதில் வேறொன்றைப் போட்டிருக்கிறான். நான் கொண்டுவரச் சொன்ன டேப் ரெக்கார்டர். இரண்டாம் நிபந்தனையின்படி.

மற்ற ஏழு பாட்டுகளை எப்படிக் கேட்டேன் என்று எனக்கு நினைவில்லை. தாளில் ஒன்றும் எழுதவில்லை. ஆனாலும் எனக்குள் ஓர் உறுதி இருந்தது. நிபந்தனைகளைப் படித்தது நான்தான், சரி. மின்சாரத்தை நிறுத்தியதும் நான்தான். ஆனால் அதற்குப் பிறகு போய்ச் சொன்னேனே. அது போதும், கணக்கு நேராகிவிடும்.

ஒன்பதாவது பாட்டு அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பதிவானது. வரிசையில நில்லு. இரைச்சலோடு, அன்று கேட்டது போலவே. "சாத்துனவன் சாப்புட போனான்" என்ற இடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். பாட்டு நின்றுபோகிறது. டேப் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கிறது. யாரோ இருமுகிறார்கள். பிறகு செருப்புச் சத்தம், தூரத்திலிருந்து கிட்டே வருகிறது. என் செருப்பு. நிமிர்ந்து உட்கார்ந்தேன். மனைவியும் ஒரு பக்க இயர்போனோடு பக்கத்திலேயே நின்றாள். இருபத்தேழு வருடமாக நான் சொல்லிவந்த வாக்கியத்துக்கு இதோ சான்று.

செருப்புச் சத்தம் நின்றது.

"அஞ்சு ஆயிடுச்சி. சேரெல்லாம் அடுக்கி வச்சிட்டுப் போங்க. பதினாலாவது நிபந்தனை."

செருப்புச் சத்தம் திரும்பிப் போனது. அதற்கப்புறம் ஒரு நிமிடத்துக்கு மேல் இரும்பு மடக்கு சேர்களை ஒவ்வொன்றாக மடக்கி அடுக்கும் சத்தம். அதோடு ஆல்பம் முடிகிறது.

திரும்பப் போட்டேன். மூன்றாம் முறையும் போட்டேன். மனைவி தன் காதிலிருந்த இயர்போனைக் கழற்றி என் மடியில் வைத்தாள். பிறகு, "வெளிய வந்து சொல்லியிருப்பீங்க" என்றாள். அவள் என்னிடம் பரிதாபப்பட்டுப் பேசியது கல்யாணமான இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

நான் பொய் சொல்கிறவன் இல்லை. அந்த வாக்கியத்தைச் சொன்னதாக எனக்கு நினைவு இருக்கிறது. அவன் நெற்றியில் ஒட்டியிருந்த முடி, அவன் தலையை ஆட்டிய விதம் எல்லாம் நினைவு இருக்கிறது. எங்கே, எப்போது செய்துவைத்தேன் இந்த நினைவை? பஸ்ஸில் வந்தபோது மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருப்பேனோ?

வாயால் சொல்லாவிட்டாலும் எழுதியிருப்பேன் என்று தோன்றியது. பதிவேட்டில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. அந்த வாரமே சிதம்பரம் போனேன். மண்டபம் இப்போது ஏசி வைத்து, கண்ணாடிக் கதவு போட்டு இருக்கிறது. செயலாளர் ஓர் அம்மா. என் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றார்.

"அந்த ரெஜிஸ்டரா சார்? மூணு வருசம் முடிஞ்சா அழிக்கணும்னு ரூல் இருக்கே. அப்பவே அழிச்சாச்சி." ஒரு கோப்பை எடுத்துக் காட்டினார். அழிக்கப்பட்ட ஆவணங்களின் பட்டியல். கீழே என் கையெழுத்து. அந்த விதியையும் நான்தான் சேர்த்திருந்தேன்.

"அந்தப் பாட்டுக்காரரு வர்ற ஞாயித்துக்கெழம இங்கதான் சார் பாடுறாரு" என்றார் அந்த அம்மா. "மூணுலேர்ந்து அஞ்சு. நீங்க வச்ச வழக்கப்படி பதினேழு நிபந்தனையும் நானே படிச்சிக் காட்டுனேன். கைய கட்டிக்கிட்டுக் கேட்டாரு சார், ஆனா சிரிச்சிக்கிட்டே இருந்தாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சி."

ஞாயிற்றுக்கிழமை மச்சானையும் அழைத்துக்கொண்டு போனேன். அவனாகவே வந்தான் என்பதுதான் சரி, வேடிக்கை பார்க்க. இரண்டு மணிக்கே மண்டப வாசலில் கூட்டம். கல்லூரிப் பெண்கள், மெக்கானிக்குகள், குழந்தையைத் தோளில் வைத்திருந்த ஓர் அப்பா. பாதிப் பேர் கறுப்பு பனியன் போட்டிருந்தார்கள். முதுகில் வெள்ளை எழுத்தில் "சேரெல்லாம் அடுக்கி வச்சிட்டுப் போங்க" என்று அச்சடித்திருந்தது.

"மாமா, ஒங்க டயலாக்கு" என்றான் மச்சான். "பேமஸ் ஆயிட்டீங்க. வெளிய சொல்லிடாதீங்க, அடிச்சிடப் போறானுவோ."

உள்ளே மேடை ஓரத்தில் அவன் குனிந்து வயர் சொருகிக்கொண்டிருந்தான். முன்தலை வழுக்கை, தாடியில் நரை. இருபத்தோரு வயதில் பார்த்தவனை நாற்பத்தெட்டில் பார்க்கிறேன். நிமிர்ந்தான். உடனே தெரிந்துகொண்டான்.

"சார். இந்தப் பக்கம் வாங்க, எடது காது கேக்காது. என்ஜின் ரூம் சத்தம் தின்னுடுச்சி." என் கையைப் பிடித்து வலது பக்கம் நிறுத்திக்கொண்டான். "ஒங்க கொரலப் போட்டதுக்குக் கோவமா?"

"நான் மின்சாரத்தை நிறுத்தியதற்கு உனக்குக் கோபமா" என்று கேட்டேன். அலுவலகத் தமிழ்தான் வந்தது.

"அதுக்கு இன்னா சார் கோவம்? அஞ்சு மணின்னு எங்களுக்கே தெரியும். ரெண்டு வரிதான் பாக்கி. பதினஞ்சு செகண்டு." கையைத் துடைத்துக்கொண்டான். "அதுக்கில்ல சார். சேர் அடுக்கும்போது பாத்துக்கிட்டே இருந்தோம். யாராவது வந்து ஒரு வார்த்த சொல்லுவாங்கன்னு. நல்லா இருக்குன்னுகூட வேணாம், கேவலமா இருக்குன்னாச்சும் சொல்லலாம்ல. நாப்பத்தோரு பேரும் பேசாம போயிட்டாங்க. அப்பதான் முடிவு பண்ணேன், இது யாருக்கும் வேணாம்னு."

"நாற்பது பேர்" என்றேன்.

"ஒங்களயும் சேத்து சார்."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். புகார் வந்தபின் போடுகிற உத்தரவு மாதிரி இருக்கும் என்று தோன்றியது. வாயைத் திறப்பதற்குள் யாரோ அவனைக் கூப்பிட, மன்னிக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் பழைய இடத்தில், மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு பையன் எழுந்து சேர் கொடுத்தான். அவன் முதுகில் என் வாக்கியம்.

பாட்டுகளைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை என்று அன்று நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். குரல் உடைந்திருக்கிறது. அது கேட்க இன்னும் நன்றாக இருக்கிறது. கடைசிப் பாட்டு ஆரம்பித்தபோது மணி ஐந்துக்கு இரண்டு நிமிடம். செயலாளர் அம்மா சுவிட்சுப் பக்கம் வந்து நின்றார். "சாத்துனவன் சாப்புட போனான்" வந்தபோது ஐந்தைத் தாண்டியிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் எதிர்ச் சுவரைப் பார்த்தேன். பாட்டு நிற்கவில்லை.

சன்னலு தொறந்திச்சி
உள்ள யாருமே இல்ல

அவ்வளவுதான் அந்த இரண்டு வரி. பதினைந்து செகண்டுகூட ஆகவில்லை. நான் சன்னலுக்கு உள்ளே முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்திருந்தவன்.

கைதட்டல் ஓய்ந்ததும் அவனிடம் பேச மேடை ஓரம் வரிசை நின்றது. நானும் நின்றேன். மச்சான், "நீங்கதான் மாமா மொத ரசிகரு, முன்னாடி போங்க" என்றான். போகவில்லை. எனக்கு முன்னால் முப்பது பேர் இருப்பார்கள். ஒவ்வொருவரும் "செம" என்றார்கள், "அழுதுட்டேன்ணா" என்றார்கள். எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நகர்ந்தேன். என் முறை வந்தது.

"நல்லா இருந்துச்சு தம்பி" என்றேன்.

"இன்னா சார்?"

"நல்லா இருந்துச்சு."

"கேக்கல சார்." காதைக் கிட்டே கொண்டுவந்தான்.

எந்த அலுவலகத்திலும் நான் அவ்வளவு உரக்கப் பேசியதில்லை. "நல்லா இருந்துச்சு தம்பி!" பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மச்சான் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

அப்போதுதான் கவனித்தேன், அவன் நீட்டியிருந்தது இடது காது, கேட்காத காது. வலது கையில் போன் இருந்தது. அதில் சிவப்புப் புள்ளி ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

பதிவு செய்ய என்னிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதித் தரச் சொல்லியிருப்பேன்.